புதுப் பந்துவீச்சாளர் ஒருவரை எத்தனை ஆட்டத்தில் நம்பலாம்?

வடக்கின்போர்_ரசிகன்

நேற்றுப் பின்னேரம் யாழ் மத்திய கல்லூரி மைதான மதிலடியில் நாலைந்து பேர் நின்று கதைத்துக்கொண்டிருந்தோம். பேச்சு லெக் ஸ்பின் போடும் வியாஸ்காந்தில் தொடங்கியது. நம் ஊர்ப் பிள்ளை, இதே மத்திய கல்லூரியில் இருந்து 2020இல் எல்பிஎல் (லங்கா பிரீமியர் லீக்), 2024இல் ஐபிஎல் என்று போனவர் என்பதில் எல்லாருக்கும் பெருமைதான். ஆனால் ஒருவர் சொன்னார்: "ஐபிஎல்லில் சில ஆட்டம் கிடைத்தது, பெரிதாக விக்கெட் எடுக்கவில்லை. அவ்வளவுதான் அவர்." இன்னொருவர் உடனே: "விக்கெட் எடுத்தால் மட்டும் என்ன? அஜந்த மெண்டிஸ் வந்த வேகத்துக்கு உலகத்தையே சுருட்டினார். கடைசியில் என்ன நடந்தது?"

இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை. ஆனால் அந்த இடத்தில் பதில் சொல்லவும் வரவில்லை. வீட்டுக்கு வந்தும் அதே யோசனை. சர்வதேச அரங்குக்கு ஒரு புதுப் பந்துவீச்சாளர் வருகிறார். முதல் பத்து ஆட்டத்துக்குள் அவர் தரமானவரா, கொஞ்ச நாள் மின்னிவிட்டுப் போகிறவரா என்று நாங்கள் எதை வைத்துச் சொல்வது? விளையாடியவர்கள், நடுவராக நின்றவர்கள், கணக்குப் பார்ப்பவர்கள் எல்லாரும் எழுதுங்கள்.

திருநெல்வேலி_கணக்கன்

நான் வளாகத்தில் புள்ளிவிபரவியல் படிக்கிறேன். அந்தப் பக்கத்தில் இருந்து ஒன்று சொல்லலாம்.

விக்கெட் என்பது அடிக்கடி நடக்கிற காரியம் இல்லை. அதனால் தற்செயல் அதில் நிறைய விளையாடும். ஒருவர் 500 ஓட்டம் கொடுத்து 20 விக்கெட் எடுத்திருந்தால் சராசரி 25. பார்க்க அழகான எண். ஆனால் 20 என்ற எண்ணிக்கைக்குள் தற்செயலால் வருகிற ஏற்ற இறக்கம் ஏறக்குறைய அதன் வர்க்கமூலம், அதாவது நாலரை. அதே ஆள், அதே திறமை, இரண்டு பிடி தவறினால், இரண்டு எல்பிடபிள்யூ மறுபக்கம் போனால் சராசரி 32. அதிர்ஷ்டம் கைகொடுத்தால் 20. சராசரி 20 உள்ளவர் உலகத்தரம், 32 உள்ளவர் அடுத்த தொடரில் வெளியே. இரண்டும் ஒரே மனிதர்! 100 விக்கெட் சேர்ந்த பிறகுதான் அந்த ஏற்ற இறக்கம் பத்து வீதத்துக்குள் அடங்கும். ரி20 பற்றிச் சொல்லவே வேண்டாம். ஓர் ஆட்டத்துக்கு 24 பந்து. மூன்று ஆட்டம் என்றால் 72 பந்து. அதை வைத்து வியாஸ்காந்தை எழுதித் தள்ளுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

சரித்திரமும் இதையே காட்டுகிறது. ஷேன் வோர்ன் முதல் டெஸ்டில் 150 ஓட்டம் கொடுத்து 1 விக்கெட். முரளிதரன் முதல் டெஸ்டில் 141 ஓட்டத்துக்கு 3. இரண்டும் 1992. ஒருவர் 708 விக்கெட்டில் நின்றார், மற்றவர் 800. மறுபக்கம் நரேந்திர ஹிர்வானி 1988இல் சென்னையில் முதல் டெஸ்டிலேயே மேற்கிந்தியத் தீவுகளின் 16 விக்கெட்டைச் சாய்த்தார். முழு வாழ்க்கையிலும் எடுத்தது 66. அவுஸ்திரேலியாவின் பொப் மசி 1972இல் லோர்ட்ஸில் அதே 16, மொத்தம் 31.

ஸ்காபரோ_சிவப்புப்பந்து

கணக்கன் தம்பி சொல்வது சரி. ஆனால் 100 விக்கெட் வரும்வரை காத்திரு என்றால் யாரும் காத்திருக்கப் போவதில்லை.

மெண்டிஸ் கதையை நானும் ஆண்டுக்கணக்காக யோசித்திருக்கிறேன். 2008 ஜூலை. கராச்சியில் ஆசியக் கிண்ண இறுதி, இந்தியாவுக்கு எதிராக 13 ஓட்டத்துக்கு 6. அதே மாதம் கொழும்பு எஸ்எஸ்சி மைதானத்தில் முதல் டெஸ்ட். டிராவிட்டின் நடுவே புகுந்து போன அந்தப் பந்தை இன்னும் மறக்க முடியவில்லை. கரம் பலகையில் காயைச் சுண்டுவது போல நடுவிரலால் சுண்டிவிட்டது. மூன்று டெஸ்டில் 26 விக்கெட், சராசரி 18.38. முரளிக்குப் பிறகு யார் என்ற கேள்விக்கு ஆள் கிடைத்துவிட்டது என்று நாங்கள் இங்கே பனிக்குளிரில் இருந்து தொலைபேசியில் கத்தினோம்.

முழு டெஸ்ட் வாழ்க்கை 19 ஆட்டம், 70 விக்கெட், சராசரி 34.77. முதல் தொடரைக் கழித்துப் பாருங்கள். மீதி 16 டெஸ்டில் 44 விக்கெட், ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 44 ஓட்டம். இது தற்செயலா? இல்லை. முதல் மாதம் யாரும் அவருடைய கையைப் பார்த்ததில்லை. பிறகு எல்லாரும் மெதுவோட்டப் படம் போட்டுப் பார்த்தார்கள். அதே தொடரில் காலி மைதானத்தில் சேவாக் 201 ஆட்டமிழக்காமல் அடித்தார். அவர் பந்து பிட்சில் விழும்வரை காத்திருக்கவே இல்லை. விடை அங்கேயே எழுதப்பட்டிருந்தது, நாங்கள் வாசிக்கவில்லை.

அந்த நேரம் ரங்கன ஹேரத் எங்கே? 1999இல் காலியில் அறிமுகமாகி, உள்ளும் வெளியுமாக இருந்து, 2009இல் இங்கிலாந்தில் கழக ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தார். முரளிக்குக் காயம், உடனே வா என்று அழைப்பு. காலியில் பாகிஸ்தானுக்கு வெற்றி இலக்கு 168. ஹேரத் 15 ஓட்டத்துக்கு 4. பாகிஸ்தான் 117. அப்போது அவருக்கு வயது 31. முடிக்கும்போது 433 டெஸ்ட் விக்கெட். அவரிடம் யாருக்கும் தெரியாத பந்து என்று பெரிதாக ஒன்றும் இல்லை. நேராகப் போகிற பந்து எது, திரும்புகிற பந்து எது என்று உலகம் முழுக்கத் தெரியும். தெரிந்தும் ஆட்டமிழந்தார்கள்.

இதுதான் என் அளவுகோல். ஒரே துடுப்பாட்டக்காரர் அவரை இரண்டாவது தொடரில் சந்திக்கும்போது என்ன நடக்கிறது?

காலை_நெற்ஸ்

அண்ணை, உங்கள் அளவுகோல் பிடித்திருக்கிறது, ஆனால் எனக்கு ஒரு சிக்கல். நான் சின்னப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். தெரிவாளருக்கோ பயிற்றுநருக்கோ இரண்டாவது தொடர்வரை நேரம் இல்லை. முதல் தொடருக்கே ஆளைத் தெரிய வேண்டும்.

அதோடு வித்தியாசமான கை என்றால் மங்கிவிடும் என்பதும் பொதுவிதி இல்லை. மாலிங்கவைப் பாருங்கள். 2004இல் டார்வினில் முதல் டெஸ்ட். பந்து நடுவரின் தொப்பிக்குப் பக்கத்தில் இருந்து வருகிறது, எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை என்றார்கள். அந்தத் திகைப்பு ஓர் ஆண்டில் போய்விட்டது. ஆனாலும் மூன்று வகை ஆட்டத்திலும் சேர்த்து 546 விக்கெட். 2007இல் தென்னாபிரிக்காவின் நான்கு பேரை நான்கு பந்தில் எடுத்தார். 12 ஆண்டு கழித்து, 2019இல் பல்லேகலவில் நியூசிலாந்தோடு அதையே மறுபடி செய்தார். யோர்க்கர், அதாவது காலடிக்கே வந்து விழும் பந்து, வரும் என்று பார்வையாளர் மாடத்தில் கடலை விற்கிறவருக்கும் தெரியும். தெரிந்தும் காலைக் காப்பாற்ற முடியவில்லை. ஆக, கையின் புதுமை போன பிறகு அடியில் என்ன மிச்சம் இருக்கிறது என்பதுதான் கேள்வி. அதை முன்கூட்டியே எப்படிப் பார்ப்பது?

இப்போதைய உதாரணம் துனித் வெல்லாலகே. 2023 ஆசியக் கிண்ணத்தில் இந்தியாவோடு 20 வயதில் கில், ரோஹித், கோலி, ராகுல், பாண்டியா என்று ஐந்து பேர், 40 ஓட்டம். ஊர் முழுக்கப் பட்டாசு. நானும் துள்ளினேன். ஆனால் அதே நாள், அதே ஆடுகளத்தில் சரித் அசலங்க 18 ஓட்டத்துக்கு 4 எடுத்தார். அசலங்க துடுப்பாட்டக்காரர், இடைக்கிடை பந்து போடுகிறவர். இந்தியாவின் பத்து விக்கெட்டும் சுழலுக்குத்தான் போனது. அப்போது பாராட்டில் எவ்வளவு பையனுக்கு, எவ்வளவு கொழும்பு கெத்தாராம மைதானத்து மண்ணுக்கு?

ஸ்காபரோ_சிவப்புப்பந்து

நல்ல கேள்வி. ஆனால் தம்பி, அடுத்த ஆண்டு ஓகஸ்ட்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். இந்தியா மறுபடி வந்தது. மூன்றாவது ஒருநாள் போட்டியில் வெல்லாலகே 27 ஓட்டத்துக்கு 5. ரோஹித்தும் கோலியும் மறுபடியும் அவரிடமே. பதினொரு மாதம் அவர்களிடம் படம் இருந்தது, ஆய்வாளர்கள் இருந்தார்கள். இரண்டாவது சந்திப்பில் தப்பியிருக்கிறார்.

காலை_நெற்ஸ்

மறுபடியும் கெத்தாராமதானே அண்ணை. அதற்கு முந்தைய ஆட்டத்தில் அதே மைதானத்தில் நம் சுழற்பந்துவீச்சாளர் வன்டர்சே 33க்கு 6. மண் இன்னும் கணக்கில் இருக்கிறது. வெல்லாலகேயைக் குறைத்துச் சொல்லவில்லை. எனக்கு அவரில் மிகுந்த நம்பிக்கை. இந்த நம்பிக்கைக்குக் காரணம் அந்த இரண்டு ஐந்து விக்கெட்டும் இல்லை என்றுதான் சொல்ல வருகிறேன். 2022 இளையோர் உலகக் கிண்ணத்தில் தலைவராக நின்று 17 விக்கெட் எடுத்தபோது அவர் பந்தின் வேகத்தை மாற்றிய விதம்தான் காரணம்.

திருநெல்வேலி_கணக்கன்

பிரபாத் ஜயசூரியவையும் இதே தராசில் வைக்க வேண்டும். 7 டெஸ்டில் 50 விக்கெட், சுழற்பந்துவீச்சாளர்களில் அதைவிட வேகமாக யாரும் எட்டியதில்லை. 2022இல் அவுஸ்திரேலியாவோடு முதல் டெஸ்டிலேயே 12. ஆனால் அந்த 7இல் 5 காலியில். மற்ற இரண்டும் நியூசிலாந்தில், அங்கே எடுத்ததை விரல்விட்டு எண்ணலாம். அவர் காலியில் மிகப் பெரிய பந்துவீச்சாளர் என்பதில் சந்தேகமே இல்லை. காலிக்கு வெளியே எவ்வளவு என்பது தனிக் கேள்வி. இரண்டையும் ஒரே சராசரிக்குள் போட்டுக் கலக்கினால் இரண்டுமே தெரியாமல் போகும்.

வெள்ளைத்தொப்பி

இரண்டு நாளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். எழுதுவதா விடுவதா என்று யோசித்தேன். இருபது ஆண்டுக்கு மேல் பாடசாலை ஆட்டங்களுக்கும் கழக ஆட்டங்களுக்கும் நடுவராக நின்றவன். சர்வதேச ஆட்டத்தை உங்களைப் போலத் தொலைக்காட்சியில்தான் பார்க்கிறேன். ஆனால் பார்க்கிற கண் அந்த இருபது ஆண்டில் வந்த கண்.

நீங்கள் எல்லாரும் பந்துவீச்சாளரையே பார்க்கிறீர்கள். நான் துடுப்பாட்டக்காரரின் காலைப் பார்ப்பேன்.

பந்துவீச்சாளரின் முனையில் நிற்கும் நடுவருக்கு ஒரு வசதி. பந்து கையை விட்டுப் போகும்போது எங்கே விழப் போகிறது என்று ஓரளவு தெரியும். அந்தக் கணத்தில் 22 கெஜம் தள்ளி நிற்கிறவரின் பின்கால் என்ன செய்கிறது என்று பாருங்கள். முன்னுக்கு வந்து ஆட வேண்டிய பந்துக்கு ஒருவர் பின்னுக்குப் போகிறார் என்றால் பந்து அவரை ஏமாற்றிவிட்டது. கட்டையாக விழும் என்று நினைத்தார், அது நினைத்ததைவிட அவருக்குக் கிட்ட வந்து விழுந்துவிட்டது. அந்தப் பந்தை அவர் எப்படியோ தட்டி ஓர் ஓட்டம் எடுப்பார். ஸ்கோர் புத்தகத்தில் 1 என்று விழும். எனக்கு அது அரை விக்கெட். ஓர் ஓவரில் இரண்டு தரம் அப்படி நடந்தால், அந்தப் பையன் விக்கெட் எடுக்காவிட்டாலும் நான் பக்கத்து நடுவரிடம் தேநீர் இடைவேளையில் சொல்வேன்.

மறுபுறமும் உண்டு. மற்றிங்கில், அதாவது பாய் விரித்த ஆடுகளத்தில், பந்து பிடித்து எழும்பும். இங்கே நம் பிள்ளைகள் காலம்காலமாக அதில்தான் ஆடினார்கள். அதில் சாதாரணச் சுழற்பந்துகாரரும் கையுறைக்குப் பட்டு ஐந்து விக்கெட் எடுப்பார். கால் சரியான இடத்துக்குத்தான் போயிருக்கும், பந்து அளவுக்கு மேல் எழும்பியதால் பிடி போயிருக்கும். அந்த ஐந்து விக்கெட்டையும் நான் பெரிதாக எடுப்பதில்லை. கொழும்புக்குப் போய்ப் புல்தரையில் போட்டதும் அவர்களில் பலருக்கு அந்த எழுச்சி கிடைக்கவில்லை. காலை_நெற்ஸ் தம்பி கேட்ட மண்ணா ஆளா என்ற கேள்விக்கு என் விடை இது. கால் ஏமாந்ததா, பந்து மட்டும் குதித்ததா? கால் ஏமாந்தால் அது பந்துவீச்சாளருடையது. எந்த மண்ணுக்கும் அது கூடவே போகும்.

2023இல் வெல்லாலகே கில்லை போல்ட் ஆக்கிய பந்தை ஒருதரம் மறுபடி போட்டுப் பாருங்கள். பந்து திரும்பியது உண்மை, ஆடுகளம் உதவியது உண்மை. ஆனால் கில்லின் துடுப்பு போன பாதையைப் பாருங்கள். அவர் வேறொரு பந்தை ஆடிக்கொண்டிருந்தார்.

இரண்டாவது விடயம், நாலு அடிவாங்கிய பிறகு வரும் பந்து. ஒரு பையனை நேராகத் தலைக்கு மேல் தூக்கி அடிக்கிறார்கள். அடுத்த பந்தைக் கட்டையாக, வேகமாக, பயந்து போடுகிறானா? பத்தில் எட்டுப் பேர் அப்படித்தான். அதே உயரத்தில், அதே இடத்தில், ஒரு விரலளவு மெதுவாகப் போடுகிற பையனை நான் என் காலத்தில் மிகச் சிலரைத்தான் கண்டேன். ஹேரத்திடம் பார்த்தது அதுதான். அடி வாங்குவார், முகம் மாறாது, அடுத்ததும் அங்கேயே விழும். ஐபிஎல்லில் வியாஸ்காந்த் ஆடியபோது நான் விக்கெட்டை எண்ணவில்லை. அடி விழுந்த பிறகு அவர் நீளத்தைக் குறைக்கிறாரா என்றுதான் பார்த்தேன். பெரும்பாலும் குறைக்கவில்லை. அந்த மைதானம், அந்தச் சத்தம், எதிரில் நிற்பவர்கள். இவ்வளவுக்கும் நடுவே குறைக்காமல் போட்ட பிள்ளையை விக்கெட் இல்லை என்று தள்ள எனக்கு மனம் வராது.

வேகப்பந்துக்கு இன்னொன்று. தையல். பந்து புதிதாக இருக்கும் பத்து ஓவரில் எல்லாரும் ஆபத்தானவர்கள்தான். 40 ஓவர் ஆடிய பந்தோடு, வெயில் ஏறிய பிறகு, மூன்றாவது ஸ்பெல்லில் தையல் இன்னும் நிமிர்ந்து வருகிறதா என்று பாருங்கள். களைத்த கையில் மணிக்கட்டு சரிந்துவிடும், பந்து தள்ளாடிக்கொண்டு வரும். வேகமானியில் எண் அதேதான் இருக்கும். அந்த எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

கொக்குவில்_லெக்பிரேக்

ஐயா, உங்கள் பதிவை மூன்று தரம் வாசித்துவிட்டேன். என் கதையை இதுவரை எங்கும் எழுதியதில்லை.

16 வயதில் பாடசாலை அணியில் லெக் ஸ்பின் போட்டேன். முதல் ஆட்டம் மற்றிங்கில், 5 விக்கெட். எல்லாரும் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். இரண்டு ஆட்டம் கழித்து அதே அணியோடு மறுபடி. 41 ஓட்டம், விக்கெட் இல்லை. லெக் பிரேக் போலத் தெரிந்து மறுபக்கம் திரும்பும் என் கூக்ளியை எல்லாரும் பின்னுக்குப் போய் ஆற அமர அடித்தார்கள். அடுத்த ஆட்டத்தில் பெயர் இல்லை. எங்களுடைய பயிற்றுநர் சொன்ன ஒரே வாசகம்: "அன்றைக்கு அதிர்ஷ்டம், இன்றைக்குத் தெரிந்துவிட்டது." அதற்குப் பிறகு கடினப்பந்தே இல்லை, மென்பந்துதான்.

ஒன்பது ஆண்டு கழித்து ஒரு கலியாண வீட்டில் எதிரணியின் விக்கெட் காப்பாளரைச் சந்தித்தேன். சாப்பாட்டுப் பந்தியில் பக்கத்தில் இருந்து அவர் சொன்னார்: "நீ கூக்ளி போட முன்னம் ஓட்டத்தைத் தொடங்காமல் பந்தை இடது கையில் இருந்து வலது கைக்கு இரண்டு தரம் சுண்டிப் பார்ப்பாய். லெக் பிரேக் என்றால் ஒரு தரம்தான். முதல் ஆட்டம் முடியவே நாங்கள் கண்டுபிடித்துவிட்டோம்."

பந்தில் பிழை இல்லை. கையில் பிழை இல்லை. இரண்டு தரம் சுண்டியதுதான். அதை ஒரு பின்னேரத்தில் திருத்தியிருக்கலாம். மெண்டிஸை ஸ்காபரோ அண்ணை எழுதியபோது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. இரண்டாவது சந்திப்பில் ஒருவர் தோற்றால் அவரிடம் ஒன்றும் இல்லை என்று உடனே எழுதிவிடாதீர்கள். எதைப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள் என்று முதலில் கேளுங்கள். திருத்தக் கூடியதா, முடியாததா?

ஸ்காபரோ_சிவப்புப்பந்து

தம்பி, வாசித்ததும் நெஞ்சு கனத்துவிட்டது. நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். என் அளவுகோலில் ஒரு படி சேர்க்க வேண்டும். இரண்டாவது சந்திப்பில் என்ன நடந்தது என்பதோடு நிறுத்தாமல் மூன்றாவதுக்கு என்ன மாற்றிக்கொண்டு வந்தார் என்றும் பார்க்க வேண்டும். ஜேம்ஸ் அண்டர்சன் 2003இல் லோர்ட்ஸில் முதல் இனிங்ஸிலேயே 5 விக்கெட் எடுத்தார். அதன் பிறகு அவருடைய கையை மாற்றினார்கள், காயம் வந்தது, அணிக்கு உள்ளும் வெளியுமாக ஆண்டுகள் போயின. பிறகு பழைய கைக்கே திரும்பி, பந்தை இரு பக்கமும் வளைக்கப் பழகி, 704 விக்கெட்டில் முடித்தார்.

திருநெல்வேலி_கணக்கன்

வெள்ளைத்தொப்பி ஐயாவின் அரை விக்கெட்டை எண்ணாக்க முடியும். தொலைக்காட்சி ஆட்டங்களில் இப்போது தவறிய அடி, விளிம்பில் பட்டது, துடுப்பைத் தாண்டியது எல்லாவற்றையும் பந்துக்குப் பந்து பதிகிறார்கள். விக்கெட்டைவிட அவை பல மடங்கு அதிகம் நடக்கும், அதனால் தற்செயலின் ஆட்டம் குறைவு. 20 விக்கெட்டுக்குக் காத்திருப்பதைவிட 200 ஏமாந்த அடியை எண்ணினால் சீக்கிரம் உண்மைக்குக் கிட்டப் போகலாம். நம் பாடசாலை ஆட்டத்துக்கும் ஒரு பிள்ளை கொப்பியோடு உட்கார்ந்தால் போதும். மண்டைதீவில் சர்வதேச மைதானத்துக்கு 2025 செப்டெம்பரில் வேலை தொடங்கிவிட்டார்கள். மைதானம் வருவதற்குள் இந்தப் பழக்கம் நமக்கு வந்துவிட வேண்டும் என்பது என் ஆசை.

காலை_நெற்ஸ்

அந்தக் கொப்பி வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன். என்னிடம் 15 வயதில் ஒரு லெக் ஸ்பின் பையன் இருக்கிறான். போன மாதம் இரண்டு ஆட்டத்தில் ஒரு விக்கெட்டும் இல்லை. அணியை விட்டு நிறுத்தலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன், ஒளிக்காமல் சொல்கிறேன். ஐயா, லெக்பிரேக் அண்ணை, சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு இருவரும் ஒருதரம் வந்து பார்க்க முடியுமா?

வெள்ளைத்தொப்பி

வருகிறேன். நெற்ஸில் பந்துவீச்சாளருக்குப் பின்னால், நடுவர் நிற்கும் இடத்தில் எனக்கு ஒரு கதிரை போடுங்கள். துடுப்பாட உங்கள் அணியில் நன்றாகக் கால் ஆடுகிற பிள்ளையை விடுங்கள், தட்டுக்கெட்டு அடிக்கிறவர் வேண்டாம். புதுப் பந்து வேண்டாம்.

கொக்குவில்_லெக்பிரேக்

நானும் வருகிறேன். எனக்குக் கதிரை வேண்டாம். நான் துடுப்பாட்டக்காரருக்குப் பின்னால், வலைக்கு வெளியே நிற்கிறேன். அவன் ஓடத் தொடங்க முன்னம் கை என்ன செய்கிறது என்று அங்கே இருந்துதான் தெரியும்.